உலர்த்தினால் சாகும் விதை

குரிடிபா,
ஆகஸ்ட் 14

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி தோட்டத்துக்கு நடந்தே போகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே பேத்தி நலம். நான் தமிழில் கேட்டால் அவள் போர்ச்சுகீசியத்தில் பதில் சொல்கிறாள். குளிர்தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிரேசில் என்றால் வெயில் என்று நம்பி ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்துவிட்டேன். சில நாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி.

சரி, சொல்லவந்த கதைக்கு வருகிறேன். முப்பது வருடம் விதையோடு மாரடித்தவன் இங்கே ஒரு விதையிடம் தோற்றுப்போனேன்.

இந்த ஊர் மரம் அரக்கேரியா. நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் விற்பார்களே, அந்தக் குடும்பம்தான், ஆனால் இது வேறு ஜாதி. அடிமரம் நேராக உயர்ந்து, உச்சியில் மட்டும் கிளைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். காற்றில் மடங்கிப்போன குடை மாதிரி. ஏப்ரல் பிறந்தால் அதன் விதை சந்தைக்கு வரும். ‘பின்யாவ்’ என்கிறார்கள். சுண்டுவிரல் நீளம், பழுப்புத் தோல். உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, தடித்த பக்கத்தைக் கடித்துப் பிதுக்கினால் பருப்பு வெளியே வரும். பலாக்கொட்டைக்கும் பனங்கிழங்குக்கும் நடுவே ஒரு ருசி.

ஒரு கிலோ வாங்கியதில் முப்பது விதையைத் தனியே எடுத்து, பழக்கதோஷத்தில் பால்கனியில் காகிதம் விரித்து உலர்த்தினேன். நல்ல விதை என்றால் காயவேண்டும் என்றுதானே படித்தோம்? நெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால்தானே மூட்டை கட்டுவோம்? மூன்று வாரம் கழித்து மண்ணில் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிளந்து பார்த்தால் வெள்ளையாக இருக்கவேண்டிய பருப்பு சுருங்கி இறுகிக் கிடந்தது. மருமகள் அதே பையிலிருந்து நாலு விதையை விளையாட்டாக ஈரமணலில் செருகியிருந்தாள். அதில் மூன்று முளைத்துவிட்டது. அவள் சிரித்ததை எழுதப்போவதில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மரத்திலிருந்து விழும்போதே இதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் முளைப்புத்திறன் சரிகிறது, 25 வாக்கில் உயிரே போய்விடுகிறது. பலாவும் ரப்பரும் இதே வகைதானே, பரீட்சையில் எழுதியிருக்கிறோம். எழுதியது கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆக, உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைக்கும் விதை வங்கி இதற்கு உதவாது. காட்டில் மரமாக நின்றால்தான் உண்டு. அந்தக் காடோ மரத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் வெட்டப்பட்டு, பழைய பரப்பில் சில சதவீதம்தான் மிச்சம். அழிவின் விளிம்பில் உள்ள மரம் என்று சர்வதேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஆய்வாளர்கள் வேறு வழி தேடுகிறார்கள். விதையின் இளம் கருவிலிருந்து சோதனைக்குழாயில் கருக்களைப் பெருக்கும் வேலை நடக்கிறது. பெருக்குவது சரி, அவற்றை முழுதாக முதிரவைப்பதுதான் பாடாய்ப் படுத்துகிறதாம். எனக்குப் பிடித்தது பக்கத்து ஊர் கொலம்போவில் எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வன மையம் செய்யும் ஒட்டுவேலை. பனை மாதிரி இதிலும் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் எது என்று தெரியும். காய்க்கிற பெண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டினால் அந்தக் கவலையும் இல்லை, 6 முதல் 10 வருடத்தில் காயும் வந்துவிடும். ஒரு வேடிக்கை கேள்: தண்டின் குருத்திலிருந்து எடுத்த ஒட்டு நேராக வளர்கிறது, பக்கக் கிளையிலிருந்து எடுத்தது ஆயுசுக்கும் கிளையாகவே படர்ந்து குட்டை மரமாக நின்றுவிடுகிறது. நம் மாவில் இப்படி ஒரு வீம்பு கிடையாது.

விதையை விற்றுக் கையில் காசு வந்தால் விவசாயி மரத்தை வெட்டமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. 2018-ல் வந்த ஓர் ஆய்வும் அதற்குப் பக்கபலம். சுமார் 1,400 முதல் 900 வருடங்களுக்கு முன் இந்தக் காடு பரவியதற்கு மழையும் தட்பவெப்பமும் மட்டும் காரணமல்ல, தெற்கு ஜே பழங்குடிகளின் கையும் இருக்கிறது என்கிறார்கள். மனிதர் அதிகம் புழங்காத இடத்தில் மலையின் தெற்குச் சரிவில் மட்டும் நிற்கிற மரம், அவர்கள் குடியிருந்த இடங்களில் எல்லாச் சரிவிலும் நிற்கிறதாம். தின்பதற்காகக் காத்து வளர்த்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால், விதையைப் புதைத்துக் காட்டை வளர்த்தது நீலக் காகம் என்பார்கள். இந்தப் பரானா மாநிலத்தின் பறவையே அதுதான். கொறித்துத் தின்னும் அகூட்டி என்ற பிராணிக்கும் அதில் பங்குண்டு, பாவம், அதற்குத்தான் பெயரில்லை.

மூன்று கன்றும் இப்போது ஒரு சாண் உயரம். இலை தொட்டால் குத்துகிறது. அக்டோபரில் நான் கிளம்பியதும் மருமகள் தண்ணீர் ஊற்றுவாளாம்.

போன வருடம் வரப்பில் போட்ட பனங்கொட்டையில் எத்தனை வந்தது என்று எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாணிக்கம்