பொன்னாடை போதாது, பொறுப்பும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 1ஆம் நாள் அனைத்துலக முதியோர் தினம் வந்தால் நம் ஆலயங்களும் சங்கங்களும் மூத்தோரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, பழக்கூடை கொடுத்து அனுப்புகின்றன. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர்கள் எழுந்து போக ஓர் இடமும், அவர்களை நம்பி ஒரு வேலையும் இருக்கின்றனவா என்று நாம் கேட்பதே இல்லை.

மலேசியாவில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் பலருக்கு இருபது ஆண்டு வாழ்க்கை மீதமிருக்கிறது. “உழைத்தது போதும், இனி உட்காருங்கள்” என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பே பெற்றோரைத் தொலைக்காட்சி முன் கட்டிப்போட்டுவிடுகிறது. பாட்டிமார்களின் நிலை வேறு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சமையலையும் கவனித்து, தமக்கென ஒரு மணி நேரம்கூட இல்லாமல் களைத்துப்போகிறவர்களை ஓய்வில் இருப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது?

மறதிநோய் குறித்து லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்கிறது. உடலுழைப்பின்மை, தனிமை, இரத்த அழுத்தம், நம்மவரிடையே மிகுந்து காணப்படும் இனிப்புநீர் எனும் நீரிழிவு, செவித்திறன் குறைவு ஆகியவை அவற்றுள் அடங்கும். கடைசியாகச் சொன்னதை நாம் பொருட்படுத்துவதே இல்லை. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டதென்று வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள். பரிசோதித்தபோது குறை காதில் இருந்தது தெரிந்தது. செவிக்கருவி பொருத்திய பின், காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி, இருபது காசு குறைகிறதே என்று கேட்கிறார்.

பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வாசிப்பில் பின்தங்கிய இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு தமிழ்ப்பள்ளியில் வந்து அமர்கிறார். முதல்நாள் இரவே பாடத்தைத் தாமே உரக்கப் படித்துப் பார்த்துக்கொள்கிறார். முழங்கால் வலியை முன்பெல்லாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது மழையென்றாலும் குடையோடு புறப்படுகிறார், வராவிட்டால் “தாத்தா, ஏன் வரல?” என்று கேட்க அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். 1816இல் பினாங்கில்தான் இந்நாட்டின் தமிழ்க்கல்வி தொடங்கியது. அதே மாநிலத்தில் இப்படி உதவக்கூடிய மூத்தோர் எத்தனை பேர் வீட்டோடு முடங்கிக் கிடக்கிறார்கள்!

சமூகநல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. புத்ரா பல்கலைக்கழகம் 2007 முதல் மூத்தோருக்கென வகுப்புகளே நடத்தி வருகிறது. எனினும் நான் சென்று பார்த்த மையத்தில் நம்மவர் இரண்டொருவரே இருந்தனர். கொண்டுவிட வண்டியில்லை, பேச்சுத்துணை இல்லை, போகும் பழக்கமும் இல்லை. ஆலயத்திற்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுகிறார்கள். அந்த ஆலயங்களின் திருமண மண்டபங்கள் வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன.

வாரத்தில் இரண்டு காலைகள் அந்த மண்டபங்களைத் திறந்துவிடும்படி ஆலய நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலசைவும், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு நாற்காலிகளும் ஒரு பயிற்றுநரும் போதும். அடுத்து, தெரிந்த தேவாரத்தையே திரும்பப் பாடாமல் புதிய பதிகம் ஒன்றை மனனம் செய்யலாம். கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கக் கற்கலாம். தெரிந்ததையே செய்வது பொழுதைப் போக்கும். மூளைக்கு வேலை கொடுப்பது புதியதைக் கற்பதுதான். பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் வாசிப்புக்கு உதவ விரும்பும் மூத்தோரைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு முறையாக அழைக்க வேண்டும்.

எந்த ஊரில் எந்த மண்டபம் எந்த நாளில் மூத்தோருக்குத் திறந்திருக்கிறது என்ற விவரத்தை வாரம் ஒருமுறை வெளியிடத் தங்கள் நாளிதழ் சிறு இடம் ஒதுக்குமாயின், பினாங்கு வட்டாரத் தகவல்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு