செயலாளர் ஆண்டறிக்கை: காற்றுக் கம்பமும் காலைப் பதிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உடுமலை வட்டார வானிலைப் பதிவுச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. மார்ச் 23, உலக வானிலை நாளில் மாணவர்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்தினோம். மழைமானி சரிபார்க்கப்பட்டது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் 10 மீட்டர் காற்றுக் கம்பம். கட்டட மொட்டைமாடியிலேயே வைத்திருக்கலாமே, ஏன் இத்தனை தாமதம் என்று சிலர் கேட்டார்கள். சுவரில் மோதி மேலேறும் காற்று மாடி விளிம்பில் வேகம் கூடிச் சுழலும். அந்த அளவு ஊர்க்காற்றின் அளவு ஆகாது. தடை எதுவாயினும் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 15 மீட்டர் தென்னை என்றால் 150 மீட்டர். தோப்புகள் நிறைந்த நம் பகுதியில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே அரிது. காற்றுத் திசைகாட்டியின் வடக்குக் குறியை டிசம்பர் கடைசியில், பகல் 12.20 அளவில் கம்பத்தின் நிழல் மிகக் குறுகி நேர் வடக்கே விழும் நேரத்தில் பொருத்தினோம். ஏப்ரலில் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடுவதால் அப்போது இந்த முறை உதவாது.

நம் பதிவேட்டில் ஏறும் காற்று உள்ளூரில் பிறந்ததல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள உயரழுத்தப் பகுதியிலிருந்து அது தென்கிழக்குக் காற்றாகக் கிளம்புகிறது. கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறி அங்கே அழுத்தம் குறைவதால் நிலநடுக்கோட்டைத் தாண்டி இழுக்கப்படுகிறது. புவிச் சுழற்சி தெற்கில் காற்றை இடப்புறமும் வடக்கில் வலப்புறமும் திருப்பும். நிலநடுக்கோட்டைக் கடந்ததும் அதே காற்று தென்மேற்குப் பருவக்காற்றாகிவிடுகிறது. சோமாலியாவை ஒட்டி ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அது கடும் வேகம் கொள்வதை வானிலையாளர் ஃபிண்ட்லேட்டர் 1969-இல் விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டர் அளவு அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு நம்மிடம் பாய்கிறது. வடக்கே மேலெழுந்த காற்று ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நம் நாட்டு வானிலையாளர் கோட்டீஸ்வரம் 1950-களில் கண்டு சொன்னார். அது தெற்கே போய்த் தாழ்ந்திறங்கிச் சுற்றை முடிக்கிறது. மார்கழியில் திசை மாறி, இதே கணவாய் வழியாகக் காற்று பாலக்காட்டுப் பக்கம் வீசும்.

இவ்வளவு பெரிய சுழற்சியின் ஒரு முனையை அளக்கும் பதிவேட்டில் காலைக் கட்டங்கள் வெறுமையாக இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. காலை 8.30, மாலை 5.30 என்பதே முறை. மாலைக்கு ஆள் வருகிறது, காலைக்கு வருவதில்லை. ஒரு வேளை போதாதா என்பவர்களுக்கு இந்த விளக்கம்: இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துப் படிந்துவிடும், வேகமான காற்று அதன் மேலேயே ஓடிவிடும். வெயில் ஏறி மண் சுட்ட பிறகுதான் இரண்டும் கலந்து மேல் வேகம் கீழே இறங்கும். மாலை அளவு மட்டும் இருந்தால் கணக்கு மிகையாகும். பேச்சுக்கு, காலையில் நொடிக்கு 4 மீட்டர், மாலையில் 8 என்று வைப்போம். காற்றாலைத் திறன் வேகத்தின் கனப்படி (4×4×4, 8×8×8 என்று) மாறுவது. 64, 512 இரண்டின் சராசரி 288. மாலையை மட்டும் எடுத்தால் 512. வாழைக்கு முட்டுக் கொடுக்கவும் மருந்தடிக்கவும் நாள் கேட்டு வரும் விவசாயிகளுக்கு எந்தக் கணக்கைச் சொல்வது?

விட்டுப்போன நாளுக்கு முந்தைய நாள் எண்ணை எழுதி வைப்பது அதைவிடக் கேடு. காற்றே இல்லையென்றால் 0, பார்க்கவில்லையென்றால் கோடு. இந்த வேறுபாட்டை அன்புகூர்ந்து காக்க வேண்டும்.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாயின. கம்பத்துக்கு ஆன கூடுதல் செலவு சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. நிலுவை வைத்திருப்போரில் பலர் கூட்டத்துக்கும் வராதவர்கள்.

கம்பத்துக்கு நிலம் தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் மே மாதத்துக்குள் வேகமானியின் பேரிங்கை மாற்றியாக வேண்டும். புழுதி ஏறிய பேரிங் ஆடிக் காற்றில் குறை காட்டாது. மெல்லிய காற்றைத்தான் 0 என்று காட்டும், அதுவும் பெரும்பாலும் காலையில். அதற்கான தொகை இப்போது கையில் இல்லை. நிலுவையை இன்றே செலுத்த விரும்புவோருக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வந்திருக்கிறார். காலை முறைக்கான பெயர்ப் பட்டியல் வருகைப் பதிவேட்டின் அருகில் உள்ளது. திங்கள், வியாழன், ஞாயிறு ஆகிய நாட்களுக்கு இன்னும் பெயர் இல்லை.

செயலாளர்