முப்பத்தோராம் நாள் நத்தாருக்கு முந்திய நாளாக வந்தபோது: ஒரு நன்றி நவிலல்

என் மனைவி நவம்பர் 24ஆம் திகதி மாலை இறைவனடி சேர்ந்தாள். நோய் இருப்பது தெரியவந்து பதினொரு மாதங்கள்தான் ஆகியிருந்தன. இறந்தவரை நினைத்து வேண்டும் முப்பத்தோராம் நாள் டிசம்பர் 24 ஆக, நத்தார் இரவின் வாசலில் வந்து நின்றது.

எங்கள் வழக்கப்படி அன்றைக்கே நன்றி நவிலல் அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். 'நேரில் வந்தும் தொலைபேசி மூலமும் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும்' என்று தொடங்கும் அந்த வரிகளைத் தெரிந்தவர்கள் பலருக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்கென்று எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. எனக்குக் கிடைத்த உதவி அந்த நாலு வரிகளுக்குள் அடங்க மறுத்தது. அதனால் தாமதமாக, ஆனால் ஒன்றையும் விட்டுவிடாமல் எழுதப் பார்க்கிறேன்.

மகள் டொரொண்டோவில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். விமானம் ஏற வேண்டாம் என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். மருமகன் மட்டும் வந்து, அடக்கம் முடியும் வரை பிள்ளையாக நின்று, திரும்பிப் போனார். அதற்குப் பிறகு சூரிச்சில் அந்த வீட்டுக்குள் நான் மட்டும். உணவகச் சமையலறைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நின்றவன் நான். இருநூறு பேருக்கு அளவு பார்க்காமல் உப்புப் போடுவேன். ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு சமைப்பதையே விட்டுவிட்டேன்.

இதை முதலில் கண்டுகொண்டவர் எதிர்வீட்டுத் தம்பி. அவர் சைவர். எங்கள் கோயில் வழக்கங்கள் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அவர்தான் எங்கள் தமிழ் ஆன்மீகப் பணியகத்து அருட்தந்தையைத் தேடிப் பிடித்து, "ஐயா சாப்பிடுகிற மாதிரித் தெரியவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அருட்தந்தை அன்று மாலையே வந்தார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. "ஐன்சீடெல்ன் மடத்தில் பேசிவிட்டேன். நத்தார் முடியும் வரை அங்கே இருங்கள். நாளைக் காலை கம்பளி உடுப்புகளை எடுத்து வையுங்கள்" என்றார். தம்பி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரோட்டினார். இவர்கள் இருவருக்கும் என் முதல் நன்றி.

சூரிச் ஏரிக்கு மேலே குளிர்காலத்தில் சாம்பல் நிற மூட்டம் நாட்கணக்கில் விலகாமல் கிடக்கும். சுவிஸில் இருப்பவர்களுக்கு அது தெரியும். கார் மலையேற ஏற அந்த மூட்டம் கலைந்து, திடீரென்று வெயிலும் வெண்பனியுமாக மேட்டுநிலம் விரிந்தது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், இரண்டு கோபுரங்களோடு அந்த மடம். எத்தனையோ கோடைகளில் அவளோடு அங்கே போயிருக்கிறேன். வளவுக்கு முன்னால் உள்ள மாதா நீரூற்றில் பதினான்கு குழாய்கள் உண்டு. ஒன்றையும் தவறவிடாமல் பதினான்கிலும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள்.

அங்குள்ள கறுப்பு மாதாவை அவள் 'எங்கள் மடு மாதாவின் தங்கை' என்பாள். பக்தி மிகுதியில் சொல்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1798இல் பிரெஞ்சுப் படைகள் வந்தபோது ஐன்சீடெல்ன் மாதாவை மறைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்திரியாப் பக்கம் ஓடினார்கள். 1803இல்தான் அவள் வீடு திரும்பினாள். இலங்கையில், ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்களால்தான் மடுத் திருத்தலம் உண்டாயிற்று. அதே மாதா 2008 ஏப்ரலில் ஷெல் வீச்சுக்கு நடுவே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓகஸ்டில் திரும்பி வந்தாள். "இரண்டு பேரும் இடம்பெயர்ந்தவர்கள். இவளிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசலாம்" என்பாள் என் மனைவி. தையல் வேலை செய்தவள் ஆகையால், வழிபாட்டுக் காலத்துக்கேற்ப மாறும் மாதாவின் ஆடைகளின் கரைவேலையைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பாள்.

மடத்துக் கதவைத் திறந்தவர் விருந்தினர் பொறுப்பில் இருக்கும் துறவி. இந்த மடலில் அவருக்குத்தான் அதிக இடம் போகும். என் பையை அவரே தூக்கிக்கொண்டார். நடைகூடத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மணி அடிக்கும். வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். பணம் பற்றிக் கேட்டதற்கு, போகும்போது பேசலாம் என்றார்.

அந்த மடம் நிற்கும் இடத்தின் கதையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதவின் அருமை புரியும். மைன்ராட் என்ற துறவி அடர்காட்டுக்குள் தனியாக வாழ்ந்த இடம் அது. தேடி வந்த இருவருக்கு உணவும் இடமும் கொடுத்தார். அவர்களே 861இல் அவரைக் கொன்றார்கள். 934இல் அங்கே ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடம் எழுந்தது. விருந்தினர் கையால் மாண்டவரின் மண்ணில், 'வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்றுக்கொள்' என்கிற ஒழுங்கின்படி இன்றும் விருந்தினரை ஏற்கிறார்கள். தாடி மழிக்காத, ஜெர்மன் மொழியைச் சமையலறையில் மட்டும் கற்ற என்னையும் அப்படித்தான் ஏற்றார்கள்.

காலை ஐந்தரைக்கு முதல் செபம். வெளியே கும்மிருட்டு. கோயிலின் குளிர் கல்லிலிருந்து காலுக்கு ஏறும். முதல் நாள் நான் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்த வயோதிபச் சகோதரர் ஒருவர் ஒன்றும் பேசவில்லை. மாலையில் என் அறை வாசலில் கம்பளி உள்வைத்த சப்பாத்து ஒரு சோடியும் தடித்த போர்வை ஒன்றும் இருந்தன. பிறகுதான் அறிந்துகொண்டேன்: ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில் குளிர்காலத்துக்குத் தடித்த மேலாடையும் கோடைக்கு மெல்லியதும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நவம்பர் முதல் உயிர்ப்பு விழா வரையான நீண்ட இரவுகளில், உண்டது செரிக்கும்படி நள்ளிரவுக்கு மேலும் சற்றுத் தூங்கவிட்டு எழுப்பச் சொல்கிறார். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியில் இருந்த ஒரு துறவி, மற்றவர்களின் வயிற்றையும் காலையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அந்தச் சகோதரரின் பெயரைக் கேட்டேன்; சிரித்துவிட்டுப் போய்விட்டார். சகோதரரே, என் கால்கள் உங்களுக்கு நன்றி சொல்கின்றன.

சங்கீதப் புத்தகத்தில் இடம் தெரியாமல் தடுமாறியபோது, பக்கத்தில் நின்ற இளம் துறவி பக்கம் திருப்பிக் கொடுத்து வரியில் விரல் வைத்துக் காட்டினார். ஒரு வாரம், ஒருநாள் தவறாமல். உணவறையில் யாரும் பேச மாட்டார்கள். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்பார்கள். எனக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. துக்கத்தில் இருப்பவனுக்குச் சாப்பாட்டு மேசையில் பதில் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. அங்கே ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தட்டு காலியானால் பக்கத்துக் கை பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தும். முதலில் சூப், பிறகு ரொட்டி, பிறகு உருளைக்கிழங்கு என்று நான் மறுபடி சாப்பிடப் பழகினேன்.

வேலையும் கொடுத்தார்கள். கோயில் பொறுப்புச் சகோதரரோடு மெழுகுதிரித் தாங்கிகளை வெந்நீரில் ஊறவைத்து மெழுகு சுரண்டினேன். குடிலுக்கு மரக்கிளைகள் சுமந்தேன். பனி கொட்டிய காலையில் படிகளில் அதைத் தள்ளினேன். சகோதரர் ஒருமுறை என்னை நடுக்கோயிலில் நிறுத்தி மேலே காட்டினார். குவிமாடத்தில் முழு பெத்லகேமும் இருந்தது. 1720களில் ஆசாம் சகோதரர்கள் கைபட்ட கோயில் அது. ஓவியம் அண்ணனுடையது, சுதை வேலை தம்பியுடையது. நத்தார் குவிமாடம் என்றே அதற்குப் பெயர். இத்தனை முறை வந்தும் நான் அண்ணாந்து பார்த்ததில்லை. அவள் பார்த்திருப்பாள்.

மாலை நாலரைக்கு இலத்தீனில் மாலைப் புகழ். முடிந்ததும் துறவிகள் வரிசையாக மாதா சிற்றாலயத்துக்கு நடந்து வந்து 'சால்வே ரெஜினா' பாடுவார்கள். நாங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்த கிருபைதயாபத்து மந்திரம்தான் அது. 'பரதேசிகளாயிருக்கிற' என்றும் 'கண்ணீர்க் கணவாய்' என்றும் அதில் வரும். அம்மா சொல்லித் தந்தபோது கணவாய் என்றால் மீன் என்று நினைத்திருந்த பிள்ளை நான். ஆல்ப்ஸ் மலைக்குள் அகதியாக வந்து, கணவாய் என்றால் என்னவென்று கண்ணால் கண்டு, அந்த வார்த்தைகளை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் 'ஓ' என்று தொடங்கும் ஏழு அழைப்புகள் உண்டு. 21ஆம் திகதிக்குரியது 'ஓ விடியலே, இருளிலும் மரண நிழலிலும் இருப்போருக்கு ஒளி தர வாரும்' என்ற பொருளுடையது. ஆண்டின் மிக நீண்ட இரவு தொடங்கும் நேரத்தில் அதைப் பாடுகிறார்கள். நவம்பர் 24க்குப் பிறகு நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதது அன்றுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் போன பின்பும் ஒரு விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் விருந்தினர் பொறுப்புத் துறவியிடம் முப்பத்தோராம் நாள் என்றால் என்ன என்று சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எங்களிடமும் முப்பது உண்டு" என்றார். ஆசீர்வாதப்பரின் வரலாற்றை எழுதிய பாப்பரசர் பெரிய கிரகோரியார், தம் மடத்தில் இறந்த யுஸ்துஸ் என்ற துறவிக்காக முப்பது நாள் தொடர்ந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தாராம். முப்பதாம் நாள் அவர் ஒரு சகோதரருக்குத் தோன்றி, தாம் நலமாக இருப்பதாகச் சொன்னாராம். "ஆகவே உங்கள் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 24ஆம் திகதி பதினொன்றேகால் திருப்பலி அவருக்காக" என்றார். அவளுடைய பெயரை எழுதித் தரச் சொன்னார். அதன் நடுவில் ஒரு 'ழ' இருக்கிறது. இரவு முழுவதும் பேச்சில்லாத அந்த நடைகூடத்தில், செபத்துக்கு முன் நாக்கை மடித்து மடித்து என்னிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினார். 24ஆம் திகதி பீடத்தில் அந்த 'ழ' பிசகாமல் விழுந்தது. சுவாமி, அந்த ஓர் எழுத்துக்காக நான் உங்களுக்குக் காலம் முழுவதும் கடன்பட்டவன்.

அன்று வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நத்தாருக்கு முந்திய நாள், வீட்டில் நூறு வேலை கிடக்க, சூரிச்சிலிருந்தும் பேர்னிலிருந்தும் பாசலிலிருந்தும் ரயிலேறி, பனியில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தீர்கள். இருபத்தாறு பேரை எண்ணினேன். பாதிக்கு மேல் சைவ உறவுகள். மாதாவின் முன் நீங்கள் கைகூப்பி நின்றதைப் பார்த்து, வயோதிபச் சகோதரர் தாமும் கைகூப்பினார். மச்சாள் பேர்னிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தை நீங்கள் உண்டது போக, மீதியைத் துறவிகளுக்கு அனுப்பினோம். புனித ஸ்தேவான் திருநாளன்று காப்பியோடு அதை உண்டதாகவும், உள்ளே இருப்பது பயறுதான் என்பதைச் சமையலறையில் யாரும் நம்பவில்லை என்றும் செய்தி வந்தது. மச்சாள், செய்முறையை எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். உளுந்தும் அரிசிமாவும் எவ்வளவு என்பதை நீங்களே எழுதுங்கள்.

நத்தார் இரவில் ஒரு துறவி தனியாக நின்று கிறிஸ்து பிறப்பின் அறிவிப்பைப் பாடினார். ஆபிரகாமிலிருந்து இத்தனை ஆண்டு, தாவீதிலிருந்து இத்தனை ஆண்டு, உரோமை நகர் நிறுவப்பட்டு 752ஆம் ஆண்டு, அகுஸ்து அரசனின் 42ஆம் ஆண்டு என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்து, உலகெங்கும் அமைதி நிலவியபோது அவர் பிறந்தார் என்று குரல் உயர்ந்து நிற்கும். நானும் ஒரு கணக்கோடுதான் அங்கே இருந்தேன். முப்பத்தொன்று. பிறகு மணிகள் எல்லாம் சேர்ந்து ஒலித்தன. குடில் அருகே முழந்தாளிட்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய கை என்று இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் நன்றி.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடைசி மாதங்களில் இரவுப் பணியில் இருந்து அவளுடைய தலையைச் சீவிப் பின்னிவிட்ட தாதிகள். அடக்கச் செலவுக்குக் கேளாமலே கொடுத்த என் பழைய முதலாளி. ஐன்சீடெல்ன் வெதுப்பகத்தில், நான் வழமையாக வாங்கும் ஆட்டுக்கடா வடிவத் தேன் பணியாரத்தை ஒன்றாக எடுத்தபோது, "மனைவி எங்கே?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து இரண்டாவதையும் பையில் போட்டுக் காசு வாங்க மறுத்த பெண்மணி. டொரொண்டோவில் ஒவ்வொரு இரவும் விழித்திருந்து, எங்கள் காலைச் செபம் முடிந்ததும் அழைத்த மகள்.

திருக்காட்சி விழா முடிந்து நான் புறப்பட்டேன். கதவு நிலைகளில் வெண்கட்டியால், வீட்டை ஆசீர்வதிக்கும் மூவரசர் எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. விருந்தினர் பொறுப்புத் துறவி ஒரு துண்டு வெண்கட்டியை என்னிடம் கொடுத்து, வீட்டு நிலையில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். பணத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். பெட்டி வாசலில் இருக்கிறது, விரும்பியதைப் போடுங்கள், ஆனால் சப்பாத்து உங்களுக்கே என்றார்.

இப்போது ஒரு பேணி அரிசி போடுகிறேன். கொஞ்சம் மிஞ்சுகிறது. எதிர்வீட்டுத் தம்பி வந்து உண்கிறார்.

ஓர் அறிவித்தல்: டிசம்பர் 24 திருப்பலிக்குப் பிறகு குடிலடியில் ஒரு சிறுபிள்ளையின் நீலக் கையுறை, வலது கை மட்டும், கிடந்தது. மடத்து வாயிலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உரியவர்கள் பெற்றுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
கணவர், மகள், மருமகன், ஜனவரியில் பிறந்த பேரன்