மேச்சேரியிலிருந்து மகளுக்கு

அன்புள்ள கவிதா கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அணை நிரம்பிவிட்டது. உன் அண்ணிக்கு ஆவணியில் வளைகாப்பு. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். அம்மா பக்கத்தில் இருந்தால் நீயும் பேச மாட்டாய், எனக்கும் கேட்க வாய் வராது. அதனால்தான் கடிதம்.

போன மாதம் கறிக்குழம்பு வைத்ததை அம்மா சொன்னதும், கறியை விட்டுவிட்டேன் என்று நீ பேச்சை மாற்றினாய். ஏதோ வேண்டுதல் போல என்று அவளுக்குச் சந்தோஷம். தலைக்கறிக்கு அண்ணனோடு மல்லுக்கு நின்ற பிள்ளை நீ. புது வேலையைப் பற்றிக் கேட்டால், "கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்ப்பா, வெளியே சொல்லக் கூடாது" என்கிறாய். ராணுவத்துப் பணத்தில் நடக்கிற ஆய்வு என்பது மட்டும் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம். நானும் கேட்கவில்லை. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே, அது போதும்.

நீ இருக்கிற பிரிட்டன் ஆயிற்றே என்று குருனார்டு தீவைப் பற்றித் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவு. 1942இல் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வு நிலையத்தார் செம்மறி ஆடுகளை அங்கே கொண்டுபோய்க் காற்று போகிற திசையில் வரிசையாகக் கட்டி, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி நிரப்பிய குண்டை வெடித்திருக்கிறார்கள். சில நாளிலேயே ஆடுகள் சாக ஆரம்பித்தன. அதை அவர்களே கலர் படமாக எடுத்தும் வைத்திருந்தார்கள். பல வருஷம் பூட்டி வைத்துவிட்டு 1997இல்தான் வெளியே விட்டார்கள். உன் அண்ணன் போனில் போட்டுக் காட்டினான். என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

அடைப்பான் எனக்குப் புதுசா கண்ணு? காலையில் மேயப் போன ஆடு சாயங்காலம் பட்டியில் விழுந்து கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் தார் மாதிரி ரத்தம், உறையவே உறையாது. உடம்பும் விறைக்காது. அறுக்கக் கூடாது. காது நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தடவி அனுப்பிவிட்டு, ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். தோலையாவது உரித்துக்கொள்கிறோம் சார் என்று கெஞ்சுவார்கள். பாவம், அவர்களுக்கு அதுதான் சொத்து. மண் மூடி முடிகிற வரைக்கும் நான் குழி மேட்டை விட்டு நகர்ந்ததில்லை. அப்புறம் சுற்றுப்பட்டி முழுக்க ஊசி. பள்ளிக்கூட லீவில் நீதானே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வருவாய். நாமக்கல் கால்நடைக் காலேஜில் உனக்கு இடம் கிடைத்த அன்று மேச்சேரி சந்தையில் ஒரு ஆள் விடாமல் சொன்னேன்.

எந்தக் கிருமி வந்துவிடக் கூடாது என்று ஊர் ஊராக அலைந்தேனோ, அதைக் குண்டில் அடைத்து ஆட்டு மேலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சு ஆறவில்லை.

பிராணியில் சோதனையே கூடாது என்று பேசுகிற ஆள் நானில்லை. ராணிப்பேட்டையில் செய்கிற அடைப்பான் தடுப்பு மருந்தையும் பிராணிக்குப் போட்டுப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். அங்கே ஒன்றிரண்டு படுகிற கஷ்டத்தில் லட்சக்கணக்கான ஆடு பிழைக்கிறது. குருனார்டில் என்ன பிழைத்தது? அந்தச் சோதனைகளை நடத்திய பால் ஃபைல்ட்ஸின் குழு, அடைப்பான் கிருமி வைத்த ஆளிவிதைப் புண்ணாக்கு வில்லைகளை 50 லட்சம் செய்து வைத்திருந்தது. விமானத்திலிருந்து ஜெர்மனியின் மேய்ச்சல் காட்டில் கொட்டுவதற்கு. அப்படிக் கொட்டாமல், போர் முடிந்ததும் எரித்துவிட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். புண்ணாக்கில் விஷம் வைக்க மனுஷனுக்குத் தோன்றியதே என்று இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்தக் கூட்டத்தில் உன்னை மாதிரி கால்நடை படித்தவர்களும் இருந்திருப்பார்களோ என்று மனம் போகிறது.

தீவு பாழாய்க் கிடந்தது. 1986இல் 280 டன் ஃபார்மலினைக் கடல் தண்ணீரில் கலந்து தரை முழுக்கத் தெளித்தார்கள். நோய் போய்விட்டதா என்று பார்க்க மறுபடியும் ஆட்டு மந்தையைத்தான் விட்டார்கள். 1990இல்தான் இனிப் பயமில்லை என்று எச்சரிக்கைப் பலகையை எடுத்தார்கள். கையுறையை இரண்டு அடுக்காய்ப் போட்டுக்கொள். ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் அந்த நிமிஷமே சொல்லிவிடு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1946இல் பிகினித் தீவில் அணுகுண்டு வெடித்தபோது கப்பல்களில் ஆடு, பன்றி, எலி என்று ஆயிரக்கணக்கில் ஏற்றி நிறுத்தினார்கள். 1973இல் விஷவாயு சோதனைக்கு பீகிள் குட்டிகள் வாங்கப்போவதை லெஸ் ஆஸ்பின் என்ற எம்.பி. வெளியே சொன்னார். ஜனங்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1983இல் காயத்துக்கு வைத்தியம் பழக நாய்களைச் சுடும் திட்டம் வந்தபோது ராணுவ மந்திரி வைன்பர்கரே தடுத்தார். நாய் தப்பித்தது. ஆடும் பன்றியும் தப்பவில்லை. அதுகளுக்காக அவ்வளவு கடிதம் எழுத ஆள் இல்லை.

அதனால் கேட்கிறேன். நீ செய்கிற வேலையில் கடைசியில் வெளியே வரப்போவது மருந்தா, வேறொன்றா? எனக்குச் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் உன் மேலதிகாரியிடம் கேள். கேட்க வேண்டியது உன் கடமை. பட்டம் வாங்கிய அன்று மேடையில் நீ எடுத்த உறுதிமொழியைக் கைதட்டிக்கொண்டே கேட்டவன் நான்.

பாட்டி திதிக்குக்கூட நீ போன் பண்ணவில்லை. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திட்டுவதற்காக எழுதவில்லை.

கடனை நினைத்து அங்கே ஒட்டிக்கொண்டிருக்காதே. பேங்கில் பேசிவிட்டேன். மேட்டூர் ரோட்டு நிலத்துக்கு ஆளும் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. நீ வந்தால் பொட்டனேரி ஆட்டுப் பண்ணையிலோ, இல்லை நம்ம வீட்டுத் திண்ணையிலோ வைத்தியம் பார்க்கலாம். எனக்கு எதுவும் கௌரவக் குறைச்சல் இல்லை. இருக்கத்தான் வேண்டும் என்றால் இரு. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நிஜமாகப் பேசு.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விடுவாள், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். அப்போது கூப்பிடு. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா