டச்பே மணலில் அப்பாவின் மோதிரத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கடந்த ஆடி அமாவாசையன்று காலை திருகோணமலை டச்பே கடற்கரையில் எங்கள் தந்தையாரின் மோதிரம் மணலுள் மறைந்தது. மறுநாள் விடியற்காலையில் அது மீண்டும் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட அந்த ஓர் இரவும் பகலும் எங்களுக்காக உழைத்தவர்கள் பலர். அவர்களிற் சிலரைப் பின்னர் வீடு தேடிச் சென்றும் காண முடியாமற் போனதாலும், நேரில் சொன்ன நன்றி போதாது என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதாலும், இதனை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். தங்கள் பெயர்களை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் உறவு சொல்லியே குறிப்பிடுகிறேன்.

அப்பா மறைந்து இரண்டாவது ஆண்டு இது. குருக்கள் ஐயா கடற்கரையில் இருத்திப் பிதிர்க்கடன் செய்வித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும், "பவித்திரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தீர்த்தமாடுங்கோ தம்பி" என்றார். அப்பாவின் மோதிரமும் தர்ப்பைப் பவித்திரமும் என் வலக்கை மோதிர விரலில் ஒன்றாகவே இருந்தன. அப்பா துறைமுகத்தில் வடம் இழுத்துப் பருத்த விரல்களை உடையவர். என் விரலுக்கு அந்த மோதிரம் தளர்வானது. உள்ளே நூல் சுற்றிப் போடும்படி அம்மா சொல்லியிருந்தும் நான் சுற்றவில்லை. ஈரக்கையால் பவித்திரத்தை உருவிக் கரையோரத்தில் எறிந்துவிட்டுக் கடலில் இறங்கினேன். மூன்றாவது முறை மூழ்கி எழுந்து தலையைத் துடைத்தபோதுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

அது அரைப் பவுணில் செய்த மோதிரம், அதாவது நான்கு கிராம் தங்கம். 1979 ஆம் ஆண்டு திருமணத்தின்போது அம்மாவின் வீட்டார் போட்டது. 1990 இல் நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா அதைத் தன் உட்பாவாடையின் கரைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டு போனார். எங்கள் படிப்புக்காக எத்தனை தடவை அடகுக்குப் போய் மீண்டு வந்தது என்பதை அம்மா மட்டுமே அறிவார். அதனால்தான் அன்று காலை அவர் அழாமல் மணலைப் பார்த்தபடியே இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் செய்தது பெரும் பிழை. உறவினர் எல்லோரும் சேர்ந்து கைகளாலும் சிரட்டைகளாலும் அந்த இடத்தைக் கிளறினோம். ஈரமணலில் தங்கம் மேலே கிடக்காது. மணலைப் போலப் பல மடங்கு கனமானது என்பதால், அலை ஒவ்வொரு தடவை வந்து மணலை இளக்கும்போதும் அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கும். நாங்கள் மிதித்து மிதித்து அதை மேலும் ஆழத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைக் கண்டு எங்களைத் தடுத்து நிறுத்தியவர் பக்கத்தில் கரைவலைக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சம்மாட்டி (வலை முதலாளி) ஐயா ஒருவர். முதலில் நன்றி சொல்ல வேண்டியது அவருக்கே. "எல்லாரும் வெளியில வாங்கோ, ஒரு தடியை நட்டுப்போட்டு வாங்கோ" என்று சொல்லி, தன் கைத்தொலைபேசியில் கிண்ணியாவிலுள்ள ஒருவரை அழைத்தவரும் அவர்தான்.

கிண்ணியாவிலிருந்து வந்த அந்த நானா சுழியோடி. படகுகளிலிருந்து விழும் இயந்திரப் பாகங்களைக் கடலடியில் தேடி எடுப்பது அவருடைய தொழில். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் குளிக்க வருபவர்கள் தொலைக்கும் நகைகளையும் தன்னிடமுள்ள உலோகம் காட்டும் கருவியால் தேடிக் கொடுக்கிறார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முற்பட்ட காலமாயிருந்தால் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவைக்கு, காத்திருந்துதான் அவர் வந்திருக்க வேண்டும். அன்று ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். வந்ததும் நேரே கரைக்கு இறங்கவில்லை. புதையல் தோண்டுவோரால் இக்கருவிக்கு ஏற்பட்டிருக்கும் கெட்ட பெயரை அவர் நன்கு அறிந்தவர். அத்துடன் டச்பேக்கு எதிரே சுவாமி மலை நிற்கிறது. 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பழைய திருக்கோணேச்சரக் கோயிலின் எச்சங்களைக் கண்டது அதன் அடிவாரக் கடலில்தான். இத்தகைய இடத்தில் ஒருவர் கருவியோடு நிற்பதைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆகவே என்னையும் அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, தன் அனுமதிப் பத்திரங்களைக் காட்டி, எதைத் தேடுகிறோம், எந்த அளவு இடத்தில் தேடுகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினார். எங்கள் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்ட அலுவலருக்கும் எங்கள் நன்றி.

தேடத் தொடங்குமுன் நானா கேட்ட கேள்வி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மோதிரத்தின் உட்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லாமல், அம்மாவிடம் தனியாகக் கேட்டார். தான் எடுப்பது உரியவரின் பொருள்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காகவே அப்படிக் கேட்பதாகவும், "மற்றவங்கட பொருள் எங்கட கையில அமானிதம்" (நம்பி ஒப்படைக்கப்பட்டது) என்றும் அவர் சொன்னார்.

அவரோடு வந்தவர், அவருடைய நண்பரின் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கும் தங்கச்சி ஒருவர். முகமாலையில் பல ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தவர். மண்ணை எப்படிப் பங்கிடுவது, காதில் கேட்கும் ஒலியை எப்படிப் பிரித்தறிவது என்பதில் நானாவே அவருடைய சொல்லைக் கேட்டு நடந்தார். என் மருமகன் எடுத்திருந்த புகைப்படம் ஒன்றைத் தங்கச்சி நெடுநேரம் பார்த்தார். அதில் குருக்கள் ஐயாவின் பின்னால் ஒரு வள்ளமும், அதற்கு நேரே சுவாமி மலையின் முனையும் தெரிந்தன. வள்ளம் அதே இடத்தில்தான் நங்கூரமிட்டு நிற்கிறது என்று சம்மாட்டி ஐயா உறுதி சொல்ல, குருக்கள் ஐயாவும் சிரமம் பாராமல் திரும்பி வந்து தான் அமர்ந்திருந்த இடத்தைக் காட்ட, பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் என்ற அளவில் இடம் குறுகியது. தங்கச்சி அதைத் தடிகளாலும் கயிற்றாலும் ஒரு மீற்றர் அகலமுள்ள பாதைகளாகப் பிரித்தார். முகமாலையில் முழந்தாளிட்டு நகர்ந்ததைப் போலவே இங்கும் ஒவ்வொரு பாதையாக நகர்ந்தார்.

கருவி செய்யும் வேலையை நானா எனக்கு விளக்கினார். வளையத்திலுள்ள கம்பிச்சுருள் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்ப, அங்குள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் மறுபுலத்தைச் சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றும். முழு வளையமாக இருக்கும் மோதிரத்தில் மின்னோட்டம் நன்றாகச் சுற்றும் என்பதால், அறுந்த மெல்லிய சங்கிலியை விட மோதிரத்தைக் கண்டுபிடிப்பது இலகு. ஆனால் உப்புநீரும் மின்னைக் கடத்தும். அதனால் நனைந்த கடல்மணலில் சாதாரணக் கருவிகள் ஓயாமல் பொய்யொலி எழுப்பும். புல்மோட்டையில் அகழப்படும் இல்மனைற்றைப் போன்ற கருமணல் வரிகள் கிடக்கும் கரைகளில் தொல்லை இன்னும் கூடும். நானாவிடம் இருப்பது துடிப்புத் துடிப்பாகப் புலத்தை அனுப்பும் வகை. உப்புநீரின் பதில் உடனே அடங்கிவிடுவதால் அதை ஒதுக்கி உலோகத்தை மட்டும் அது கேட்கும். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் அதனால் ஒழுங்காகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒலித்த இடம் ஒவ்வொன்றையும் தோண்டியே பார்க்க வேண்டும்.

அன்று பின்னேரம் கடல் வற்றியிருந்த வேளையில் அப்படித்தான் தோண்டினார்கள். சோடாப் போத்தல் மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், தகர வளையங்கள், வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டுகள் என்று ஒரு வாளி நிறைந்தது. ஒவ்வோர் ஒலிக்கும் என் நெஞ்சு எழுந்து விழுந்தது. அவர்களோ ஒரே நிதானத்தோடு குழியை மூடிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்தார்கள். அமாவாசைப் பெருக்கு வழக்கத்தை விட உயர்ந்து வந்ததால் இருட்டும் வேளையில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரவு முழுவதும் அந்தத் தடிகளுக்குக் காவலாகத் தம்பிமார் இருவர் கரையில் படுத்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அந்த இடத்தால் இழுக்க வேண்டிய கரைவலையைச் சம்மாட்டி ஐயா ஒன்றரை மணி நேரம் பிந்தியே இழுத்தார். மீன் வரும் பருவத்தில் ஒரு பாட்டை, அதாவது ஒரு தடவை வலை இழுப்பதை, பிந்துவது என்றால் எத்தனை வீடுகளின் அன்றைய உழைப்பு என்பதைக் கரையில் வாழ்பவர்கள் அறிவார்கள். வலையிழுக்க வந்து எங்களுக்காகக் காத்து நின்ற அந்த இருபதுக்கு மேற்பட்டவர்களையும், அந்தத் துண்டை மட்டும் கூட்டாமல் விட்டுச் சென்ற துப்புரவுப் பணியாளர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

ஏழாவது பாதையில், ஒரு சாண் ஆழத்தில், தங்கச்சியின் கையில் அது அகப்பட்டது. ஈரமணல் உருண்டை ஒன்றை அவர் என் உள்ளங்கையில் வைத்தார். விரலால் தட்டிவிட்டபோது முதலில் தெரிந்தது பவித்திரத்தின் முடிச்சு. தர்ப்பை இன்னும் அவிழாமல் இருந்தது. அதன் வளையத்துக்குள் சிக்கியபடி அப்பாவின் மோதிரம் இருந்தது. நானா அதைக் கடல்நீரில் அலசி, உட்புறத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் தராமல், நடந்து சென்று அம்மாவின் கையில் கொடுத்தார். முதல்நாள் முழுவதும் அழாத அம்மா அப்போதுதான் அழுதார்.

நாங்கள் நீட்டிய பணத்தை இருவரும் வாங்கவில்லை. தங்கச்சி அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். நானா பஸ் பணத்தைக்கூட மறுத்தார். மிதிவெடிக்காகப் பழகிய செவியும் கையும் எங்கள் அப்பாவின் நினைவுக்கு உதவியதை எண்ணும்போது, அந்தத் தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றும் சொற்கள் கிடைக்கவில்லை.

இறுதியாக ஓர் அறிவித்தல். தேடலின்போது எங்கள் மோதிரத்தோடு வேறு இரு நகைகளும் அகப்பட்டன. ஒன்று குழந்தையின் தங்கத் தோடு, மற்றையது அறுந்த வெள்ளிக் கொலுசு. நானாவின் சொற்படி அவை இரண்டையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறோம். டச்பேயில் இவற்றைத் தொலைத்தவர்கள், தோட்டின் கல்லின் நிறத்தையும் கொலுசின் பூட்டு வகையையும் அடையாளமாகச் சொல்லி அங்கே பெற்றுக்கொள்ளலாம்.

என்றும் நன்றியுடன்,
உவர்மலைக் குடும்பத்தினர் சார்பில்,
மூத்த மகன்.