ஆமை சீசன்: ஞாயிறு மடி சோதனை, எல்லாப் படகும் வரணும்

விசைப்படகு உரிமையாளர்கள், டிரைவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை நம்ம கரைக்கு முட்டையிட வரும். இழுவலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்துப்போகும். 2019 முதல் அமெரிக்கா நம்ம கடல் இறாலை வாங்காததற்கும் இதுதான் காரணம்.

ஜனவரி 4, ஞாயிறு காலை 7 மணி, வலை பின்னும் கூடம்.

1. ஆமை விலக்குச் சட்டம் (ஆமையைத் தடுத்து வெளியே விடும் கம்பிச் சட்டகம்) பொருத்திய மடியை, அதாவது இழுவலையின் பையை, அப்படியே கொண்டு வாங்க.

2. கம்பி இடைவெளி 4 அங்குலம் தாண்டக் கூடாது. வளைந்த கம்பியை முன்பே நிமிர்த்திடுங்க.

3. சட்டத்தின் சாய்வு 30 முதல் 55 டிகிரி. நிமிர்ந்து நின்றால் ஆமை சட்டத்திலேயே அழுந்திக் கிடக்கும், குப்பையும் அடைக்கும். ரொம்பப் படுத்தால் இறால் போகும். புது வலை சில இழுப்பிலேயே நீண்டு சாய்வு மாறும், மறுபடி அளக்கணும்.

4. ஆமை வெளியேறும் வாயின் மூடியைத் தயவுசெய்து கட்டாதீங்க. கட்டினால் சட்டம் வெறும் சுமைதான்.

5. மயங்கிய ஆமையை உடனே கடலில் போடாதீங்க, மல்லாத்தவும் வேண்டாம். வயிறு கீழே, பின்பக்கம் அரை அடி உயரம், மேலே ஈரச் சாக்கு, நிழல். அசையாமல் இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் மயக்கம் தெளிஞ்சு பிழைக்க வாய்ப்பு இருக்கு. விடும்போது இன்ஜின் நியூட்ரலில் இருக்கட்டும்.

படகு எண்ணோடு “வரேன்” என்று சனி மாலை 6க்குள் இங்கேயே போடுங்க. சட்டம் இல்லாதவங்களும் சொல்லுங்க, அளவெடுத்துச் செய்யலாம்.