பத்து எம்.எம். தோட்டா பற்றி மூர்த்திக்கு

அங்கரேஜ், அலாஸ்கா

அன்புள்ள மூர்த்தி,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே நாங்கள் நலம். சித்ராவின் தோள்வலி குறைந்துவிட்டது, சின்னவள் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். உன் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று வசந்தி போனில் சொன்னாள். மாடிப்படி ஏறக்கூடாதென்று டாக்டர் சொன்னதையும் நீ அன்றைக்கே ஏறியதையும் சேர்த்துத்தான் சொன்னாள். நீ திருந்தமாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய சால்மனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக் குழுவில் போட்டால், மீனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "நெஞ்சில் என்னடா அது, துப்பாக்கியா? உனக்கு எதற்கு அது?" என்று நீ ஆரம்பித்து வைத்தாய். பிறகு கேட்க வேண்டுமா, நம் என்.சி.சி. பட்டாளமே திரண்டு வந்துவிட்டது. ஊரைவிட்டுப் போனவன் கௌபாய் ஆகிவிட்டானாம். மற்றவர்கள் சொன்னது போகட்டும், நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. செல்போனில் தட்டி முடிகிற பதில் இல்லை இது. படுத்துக்கொண்டுதானே இருக்கிறாய், பொறுமையாகப் படி.

கீனாய் ஆறும் ரஷ்யன் ஆறும் கூடும் இடத்தில் கோடையில் சாக்கை சால்மன் கூட்டம் கூட்டமாக ஏறி வரும். மீன் வரும் இடத்துக்குக் கரடியும் வரும். இங்கிருப்பது பழுப்புக் கரடி. வளர்ந்த ஆண் கரடி 300, 400 கிலோ இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பெரும்பாலும் அது நம்மைக் கண்டால் விலகிப் போய்விடும். அதனால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்போம், மீன் கழிவைக் கரையில் விடமாட்டோம். அடுத்தது மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்பிரே. அலாஸ்காவில் நடந்த பழைய சம்பவங்களைத் தொகுத்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பழுப்புக் கரடி விஷயத்தில் நூற்றுக்கு 92 தடவை ஸ்பிரே பலித்திருக்கிறது. ஆகவே என் கை முதலில் போவது இடுப்பில் இருக்கும் ஸ்பிரேக்குத்தான். நெஞ்சில் இருப்பது, எதிர்க்காற்று அடித்து அதுவும் உதவாத நேரத்துக்கு.

அந்தப் பிஸ்டல் கிளாக் கம்பெனியின் 20ஆம் மாடல், கிளாக் 20. பிஸ்டலில் ஒன்றுமில்லை மூர்த்தி, அதற்குள் போகும் தோட்டாதான் என்னைப் பிடித்துக்கொண்டது. டென் எம்.எம். ஆட்டோ என்பார்கள், குண்டின் விட்டம் பத்து மில்லிமீட்டர். செத்துவிட்டது என்று எத்தனையோ பேர் எழுதி வைத்த தோட்டா அது.

ஜெஃப் கூப்பர் என்று ஒருவர். அமெரிக்க மரீன் படையில் இருந்தவர், பிறகு அரிசோனாவில் சுடும் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். 0.45 அங்குல விட்டமுள்ள .45 தோட்டா கனமாக அடிக்கிறது, ஆனால் மெதுவாகப் போகிறது, தூரம் போகப் போகத் தாழ்ந்துவிடுகிறது என்பது அவர் குறை. கனமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று அவர் கேட்டதற்குப் பதிலாக 1983இல் வந்தது இது. ஸ்வீடனின் நார்மா கம்பெனி அடைத்துக் கொடுத்த தோட்டாவில் 13 கிராம் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 365 மீட்டர் வேகத்தில் கிளம்பியது. அதன் சக்தியைக் கணக்குப் போட்டால் 860 ஜூல் பக்கம் வரும். சாதாரண 9 எம்.எம்., .45 இரண்டுமே 500 ஜூலைச் சுற்றித்தான் நிற்கும். அதாவது .45 பிஸ்டலின் அளவுக்குள் அடங்கும் தோட்டாவில் ஒன்றே முக்கால் மடங்கு சக்தி. மெஷின் டிசைனில் முதல் மார்க் வாங்கிய உனக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பிறந்த நேரம் சரியில்லை. இதற்காகவே கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கம்பெனி 'பிரென் டென்' என்று ஒரு பிஸ்டல் செய்தது. அழகான பொருள். பணம் கட்டியவர்களுக்குப் பிஸ்டல் போய்ச் சேர்ந்தது, தோட்டா அடுக்கும் மேகசின் போய்ச் சேரவில்லை. சுமார் 1,500 பிஸ்டலோடு 1986இல் கம்பெனி மூடியாயிற்று. சுடத் துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் அநாதையாக நின்றது. அடுத்த ஆண்டு கோல்ட் கம்பெனி 'டெல்டா எலீட்' கொண்டுவந்ததால்தான் பிழைத்தது. அதிலும் ஆரம்பத்தில், சுடும்போது பின்னால் அடிக்கும் உதை தாங்காமல் பிஸ்டலின் உடற்சட்டத்தில் விரிசல் விட்டது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. 1986 ஏப்ரல் 11, மியாமி. வங்கிக் கொள்ளையர் இரண்டு பேரை எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் மறித்தார்கள். தொடக்கத்திலேயே எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஜெர்ரி டவ் சுட்ட 9 எம்.எம். குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. சாகவேண்டிய காயம்தான். ஆனால் அவன் உடனே சாகவில்லை. அதன்பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். டவும், இன்னொரு ஏஜென்ட் பென் குரோகனும் இறந்தார்கள், மற்ற ஏஜென்ட்களில் ஐந்து பேர் காயப்பட்டார்கள். குண்டு எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று அமெரிக்கா அளக்க ஆரம்பித்தது அந்த ஓர் அங்குலத்தால்தான். இன்றைக்கும், தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 அங்குலமாவது போகாத குண்டை அவர்கள் ஏற்பதில்லை. தோட்டாவைப் பற்றி இங்கே ஆர்வமாகப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேரை மறந்துவிட்டுப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

எஃப்.பி.ஐ. தேடிப் பார்த்து டென் எம்.எம்.மைத் தேர்ந்தெடுத்தது. முழுச் சக்தியில் சுட்டால் எல்லோருக்கும் கை நிற்கவில்லை என்று வெடிமருந்தைக் குறைத்து, குண்டையும் இலேசாக்கி, கடைசியில் ஐந்நூறு ஜூலுக்கே கொண்டுவந்து விட்டார்கள். நல்ல டிகாக்‌ஷனை இறக்கி வைத்துவிட்டு மேலே தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான். இந்தக் கொஞ்ச மருந்துக்கு இவ்வளவு நீளப் பித்தளை உறை எதற்கு என்று துப்பாக்கி செய்யும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டா செய்யும் வின்செஸ்டரும் கேட்டன. 25.2 மில்லிமீட்டர் உறையை 21.6 ஆக வெட்டின. 1990 ஜனவரியில் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற அந்தக் குட்டைத் தோட்டா வந்தது. 9 எம்.எம். அளவுப் பிஸ்டலிலேயே அது அடங்கியது. நாடு முழுக்கப் போலீஸ் அதற்கு மாறியது. கோல்ட் 1996இல் டெல்டா எலீட்டையே நிறுத்திவிட்டது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கிளாக் தன் 20ஐ நிறுத்தவில்லை. கடையில் முழுச் சக்தித் தோட்டா கிடைக்காத வருடங்களில், கொஞ்சம் பேர் காலி உறையைப் பொறுக்கி வைத்து, தாங்களே மருந்தும் குண்டும் அடைத்து, கூப்பர் கேட்ட சக்தியிலேயே சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஆபீசில் ஒரு பெரியவர் அந்த ரகம். கராஜில் அவர் தோட்டா அடைக்கும் மேசையைப் பார்க்கவேண்டும் நீ. நகைப் பட்டறை தோற்றது! எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததும் அவர்தான்.

பிறகு காற்று திரும்பியது. குண்டின் வடிவமைப்பு நன்றாக முன்னேறியதால் 9 எம்.எம்.மே போதும் என்று 2015 வாக்கில் எஃப்.பி.ஐ. பழையபடி அதற்கே போனது. போலீஸ் பின்னாலேயே போக, .40 தளர்ந்தது. டென் எம்.எம்.முக்கோ சிக், ரூகர், ஸ்பிரிங்ஃபீல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று ஆளாளுக்குப் புதுப் பிஸ்டல் போட்டார்கள்.

எஃப்.பி.ஐ. அதைக் கைவிட்டது சரி என்றுதான் நான் சொல்வேன். நகரத்தில், மனிதனுக்கு எதிரே, இந்த மிச்சச் சக்தி வீண். உதை கூடும், அடுத்த குண்டு தாமதமாகும், விலையும் 9 எம்.எம்.மைப் போல இரண்டு மடங்கு. ஆனால் கொழுப்பு, தசை, தோள் எலும்பு எல்லாம் தாண்டி உள்ளே போகவேண்டிய இடத்தில் கணக்கே வேறு. அங்கே விரிந்து மலரும் குண்டு உதவாது. தட்டை மூக்கு வைத்த கெட்டி ஈயக் குண்டு வேண்டும், அதைத் தள்ள மருந்தும் வேண்டும். .44 மேக்னம் ரிவால்வர் இதைவிடப் பலசாலிதான். ஆனால் அதில் ஆறு தோட்டா, இதில் பதினைந்து. கைநடுங்கும் நேரத்தில் அந்த உதையைத் தாங்கி இரண்டாவது தடவை குறிபார்க்க என்னால் முடியாது, இதில் முடிகிறது. கிரீன்லாந்தின் வடகிழக்கில் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படை இருக்கிறது. இரண்டு பேர், ஒரு நாய் வண்டி, மாதக்கணக்கில் பனி. பனிக்கரடிக்கு 9 எம்.எம். போதவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டதும் இதே கிளாக் 20தான். ஊருக்கெல்லாம் பொதுவாக இருக்கச் சொன்னபோது தோற்ற தோட்டா, தனியாக நிற்பவன் கையில் ஜெயித்துவிட்டது. எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம்.

நீ கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் மனதில் அது இருக்கும். இந்த நாட்டில் துப்பாக்கியால் என்னென்ன நடக்கிறது என்று நீ செய்தியில் பார்ப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். சின்னவள் பள்ளியில் படித்த காலத்தில், துப்பாக்கிக்காரன் வந்தால் மேசைக்கடியில் எப்படி ஒளிவது என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அன்று ராத்திரி சித்ரா அழுதாள். எங்கள் வீட்டில் பிஸ்டல் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி என்னிடம். ஆற்றுக்குப் போகும் நாளில் வெளியே வரும், திரும்பியதும் உள்ளே போகும். ஊருக்குள் அதைச் சுமந்து நடக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கரடியை நோக்கி அதை உருவியதும் இல்லை. கடைசிவரை உருவாமல் இருந்தால் சந்தோஷம்.

என்.சி.சி.யில் நமக்குச் சுடக் கற்றுக்கொடுத்த சுந்தரம் சார் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவருக்குத்தான் எழுதியிருப்பேன். பயிற்சி மைதானத்தில் ஒவ்வொரு தடவையும் மூச்சை நிறுத்தும்போது அவர் குரல்தான் கேட்கிறது. அன்றைக்கு நீ பக்கத்து டார்கெட்டில் சுட்டுவைத்த விவகாரத்தை உன் மருமகளிடம் சொல்லிவிட்டாயா, இல்லை நான்தான் வந்து சொல்லவேண்டுமா?

பாலுவைப் போய்ப் பார்த்தாயா? குழுவில் அவன் பேசுவதே இல்லை. பைபாஸ் முடிந்தவன் இப்படி ஒதுங்கி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் கால் சரியானதும் முதல் வேலையாக அவன் வீட்டுக்குப் போ. அவன் மனைவியிடம் தனியாகக் கேள், அவனிடம் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பான். பணம் ஏதாவது வேண்டியிருந்தால் அவனுக்குத் தெரியாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
சேகர்